நாலு குரலுக்கு எழுதுவது: பாண்டி, கடலூர் கொயர்களில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

கீபோர்டு வாசிக்கத் தெரியும், கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) பிடிக்கத் தெரியும், கொயரில் பத்துப் பதினைந்து பேர் இருக்கிறார்கள். "இந்தக் கிறிஸ்மஸுக்கு நாலு பார்ட்டா பாடலாமே, நீயே எழுதிக் குடு தம்பி" என்று யாரோ பொறுப்பை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். அந்த நிலைமையில் இருக்கிறவருக்கான வழிகாட்டி இது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீபோர்டில் பிடிக்கும் கார்டை நாலாகப் பிய்த்து ஆளுக்கொரு சுரம் கொடுத்தால் அது நாலு பார்ட் ஆகாது. சொப்ரானோ (பெண்களின் மேல்குரல்), ஆல்டோ (பெண்களின் கீழ்குரல்), டெனர் (ஆண்களின் மேல்குரல்), பேஸ் (ஆண்களின் கீழ்குரல்) நாலுக்கும் தனித்தனியாகப் பாடக்கூடிய ஒரு மெட்டு வேண்டும். நாலும் சேரும்போது கார்டு விழவேண்டும். கீழே வரும் விதிகள் பெரும்பாலும் இந்த ஒரு காரணத்துக்காகத்தான் இருக்கின்றன.

1. பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

நம் பக்கத்தில் ஒரே கொயரில் மூன்று விதமாகப் படித்தவர்கள் இருப்பார்கள். பிரெஞ்சு முறையில் படித்தவருக்கு "டோ" என்றால் எப்போதும் ஒரே சுரம்தான், ஆங்கில முறையின் சி. டானிக் சோல்ஃபா படித்தவருக்கு "டோ" என்றால் அந்தப் பாட்டின் ஆதாரசுருதி. பாட்டு மாறினால் டோவும் மாறும். கர்நாடக சங்கீதம் படித்தவர் கட்டைக் கணக்கில் பேசுவார்.

இதைவிட மோசமான கண்ணி ஒன்று உண்டு. தமிழில் எழுதும்போது ஆங்கில முறையின் "சி"யும் பிரெஞ்சு முறையின் "சி"யும் ஒரே எழுத்து. ஆனால் பிரெஞ்சு சி, ஆங்கில முறையில் பி. வாட்ஸ்அப்பில் "சி-யில ஆரம்பி" என்று அனுப்பினால் பாதிப் பேர் அரைச்சுரம் கீழே ஆரம்பிப்பார்கள். எந்த முறை என்று கொயருக்கு ஒருமுறை சொல்லிவிட்டு அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஆங்கில முறைதான்: சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி. நடு சி என்பது சி4. அதற்கு ஒரு ஆக்டேவ் (ஒரு ச-விலிருந்து அடுத்த ச வரை உள்ள தூரம்) கீழே சி3, மேலே சி5. கட்டைக் கணக்கில் 1 கட்டை சி, 2 கட்டை டி, 4 கட்டை எஃப், 5 கட்டை ஜி. கார்டுகளை எண்ணால் சொல்கிறேன். சி மேஜரில் ச க ப சேர்ந்தது 1-ஆம் கார்டு, ம த ச சேர்ந்தது 4-ஆம் கார்டு, ப நி ரி சேர்ந்தது 5-ஆம் கார்டு.

2. வாங்க வேண்டியதும் வேண்டாததும்

பேஸின் கீழ் எல்லை ஈ2, சொப்ரானோவின் மேல் எல்லை ஜி5. இந்த இடைவெளிக்குக் கீபோர்டில் அழுத்தும் கட்டைகள் 40 தேவை. ஆகவே 32, 37 கட்டை உள்ள சின்னக் கீபோர்டு போதாது. 49 கட்டை போதும், 61 இருந்தால் வசதி. பழசு வாங்கினால் எல்லாக் கட்டைகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். கீழ்ப்பக்கக் கட்டைகளை யாரும் சோதிப்பதில்லை, நமக்கு வேண்டியதே அவைதான். பழைய கம்பிப் பியானோ மலிவாக வருகிறதென்று ஆசைப்படாதீர்கள். கடற்காற்றில் கம்பி துருப்பிடிக்கும், சுருதி கூட்ட ஆள் தேடி அலைய வேண்டும்.

கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டனை 0-இல் வைத்து அதை மறந்துவிடுங்கள். எல்லாப் பாட்டையும் சி-யில் வாசித்து டிரான்ஸ்போஸில் ஏற்றுகிற பழக்கம் இருந்தால், நீங்கள் எழுதும் சுரம் ஒன்று, கேட்கும் சுரம் வேறு. எல்லை தாண்டியதே தெரியாது.

எழுத மியூஸ்ஸ்கோர் மென்பொருள் இலவசம். அதே பெயரில் நொட்டேஷன் பகிரும் தளம் ஒன்று இருக்கிறது. அங்கே பதிவிறக்கத்துக்குச் சந்தா கேட்பார்கள். அதைப் பார்த்துவிட்டு மென்பொருளுக்கே பணம் என்று நினைத்துக் கட்டிவிடாதீர்கள். கொயர் வார்ப்புருக்களில், ஒரு வரிக்கு இரண்டு குரல் வருகிற, இரண்டே வரி உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். மேல் வரியில் சொப்ரானோவுக்குத் தண்டு மேல்நோக்கி, ஆல்டோவுக்குக் கீழ்நோக்கி. கீழ் வரியில் டெனர் மேல்நோக்கி, பேஸ் கீழ்நோக்கி. ஆல்டோவை எழுதுவதற்கு முன் கன்ட்ரோல், ஆல்ட், 2 மூன்றையும் சேர்த்து அழுத்தி இரண்டாம் குரலுக்கு மாறவேண்டும். மாறாமல் எழுதினால் சொப்ரானோ அழிந்து அந்த இடத்தில் ஆல்டோ உட்காரும். புதியவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது இதில் விழுகிறார்கள்.

ஆனாலும் முதல் ஒரு மாதம் காகிதமும் பென்சிலும்தான். மென்பொருளில் எழுதினால் உடனே ஒலிக்கவிட்டுக் கேட்போம், கேட்டால் எல்லாமே நன்றாக இருப்பதுபோல் தோன்றும். வெற்று ஐந்துகோட்டுப் பக்கம் ஒன்றை அச்செடுத்து ஜெராக்ஸ் போட்டுக்கொண்டால் பக்கம் இரண்டு ரூபாய்க்குள் முடியும். ஐம்பது பக்கம் எடுத்து வையுங்கள்.

வாத்தியார் தேடுவதானால் ஒரே கேள்வி போதும்: "நான் எழுதிக்கொண்டு வருவதைத் திருத்தித் தருவீர்களா?" பெரும்பாலான கீபோர்டு வகுப்புகளில் வலக்கையில் மெட்டு, இடக்கையில் கார்டு என்பதோடு முடிந்துவிடும். திருத்துகிறவர் பாண்டியில் கிடைத்தால், கடலூரிலிருந்து வாரம் ஒருமுறை பஸ் ஏறிப் போனாலும் தகும். மாதக் கட்டணமா, திருத்தும் தாளுக்கு இவ்வளவா என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள்.

3. யாருக்கு எதுவரை குரல் போகும்

புத்தகக் கணக்கு இது: சொப்ரானோ சி4 முதல் ஜி5, ஆல்டோ ஜி3 முதல் சி5, டெனர் சி3 முதல் ஜி4, பேஸ் ஈ2 முதல் சி4.

நம் கோயில் கொயருக்கு இதை அப்படியே எடுத்தால் ஞாயிற்றுக்கிழமை கீச்சுக்குரல்தான் கேட்கும். பயிற்சி பெறாத பெண்கள் நெஞ்சுக்குரலில் பாடுகிறவர்கள். ஈ5-க்கு மேலே எழுதாதீர்கள். டெனர் என்று நிற்பவர்களில் பாதிப்பேர் உண்மையில் நடுக்குரல்காரர்கள், அவர்களுக்கு ஈ4 போதும். பேஸில் எஃப்2 எட்டுகிறவர் ஒருவர் இருந்தாலே அதிர்ஷ்டம். எழுதுவதற்கு முன் ஒரு பயிற்சி நாளில் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு மேலே எது, கீழே எது என்று குறித்துக்கொள்ளுங்கள். பதினைந்து பேருக்கு அரைமணி நேரம்கூட ஆகாது.

அடுத்தடுத்த குரல்களுக்கு நடுவே இருக்கவேண்டிய தூரத்துக்கும் விதி உண்டு. சொப்ரானோவுக்கும் ஆல்டோவுக்கும் ஒரு ஆக்டேவுக்கு மேல் போகக்கூடாது. ஆல்டோவுக்கும் டெனருக்கும் அதே கணக்கு. டெனருக்கும் பேஸுக்கும் மட்டும் ஆக்டேவைத் தாண்டலாம். நடுவில் பெரிய ஓட்டை விழுந்தால் மேலே இருவர், கீழே இருவர் என்று இரண்டு கோஷ்டியாகக் கேட்கும். ஆல்டோ சொப்ரானோவுக்கு மேலே ஏறுவது, பேஸ் டெனரைத் தாண்டுவது போன்ற குறுக்கீடுகளும் வேண்டாம்.

வேறு இடத்திலிருந்து எடுத்த நொட்டேஷனில் டெனருக்குத் தனி வரி இருந்தால் சாவியின் (வரியின் தொடக்கத்தில் இருக்கிற குறி) அடியில் சின்னதாக 8 இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எழுதியதைவிட ஒரு ஆக்டேவ் கீழே பாடவேண்டும். அதைக் கவனிக்காமல் நகலெடுத்தால் டெனர் ஆல்டோவின் தலைமேல் உட்காரும்.

4. முதல் வாரம்: ஒற்றைக் கார்டு

கார்டில் மூன்று சுரம், குரலோ நாலு. ஆகவே ஒரு சுரம் இரண்டு பேருக்கு வரும். எதை இரட்டிப்பது?

அடிச்சுரம் பேஸில் இருந்தால் அதையே இரட்டியுங்கள். 1, 4, 5 மூன்றுக்கும் இதுவே பாதுகாப்பு. நி சுரத்தை மட்டும் ஒருபோதும் இரட்டக்கூடாது. அது ச-வுக்கு ஏறத் துடிக்கிற சுரம். இரண்டு பேரிடம் கொடுத்தால் இருவரும் சேர்ந்து ஏறுவார்கள், அங்கே அடுத்த பகுதியில் சொல்லப்போகிற தவறு வந்துவிடும். கார்டின் அடிச்சுரத்தை ச என்று வைத்து எண்ணினால், ப-வை விட்டுவிட்டாலும் கார்டு பிழைக்கும், க-வை விட்டால் பிழைக்காது. க இல்லாத கார்டு மேஜரா மைனரா என்றே தெரியாமல் உள்ளே ஓட்டையாக ஒலிக்கும்.

சி, ஜி, எஃப் மூன்று மேஜரிலும் 1-ஆம் கார்டைத் தலா எட்டு விதமாக அடுக்கி எழுதுங்கள். எல்லையும் தூரமும் சரியா என்று ஒவ்வொன்றிலும் பாருங்கள். அலுப்பான வேலைதான். இதைத் தாண்டிக் குதித்தவர்கள் மூன்று மாதம் கழித்தும் ஆல்டோவை எங்கே வைப்பதென்று கீபோர்டில் தடவிக்கொண்டிருக்கிறார்கள்.

5. தவறெல்லாம் இரண்டு கார்டுக்கு நடுவில்

இரண்டு குரல்கள் ச–ப இடைவெளியில் நின்று, அடுத்த கார்டுக்குச் சேர்ந்தே நகர்ந்து, அங்கேயும் ச–ப இடைவெளியிலேயே போய் நின்றால் அதற்குப் பேரலல் ஃபிஃப்த் என்று பெயர். ஆக்டேவில் நின்று ஆக்டேவுக்கே போனால் பேரலல் ஆக்டேவ். இரண்டும் கூடாது. இந்த இடைவெளிகளில் இரு குரல்களும் ஒன்றோடொன்று கரைந்துவிடுகின்றன. அப்படியே கூட நகர்ந்தால் நாலு பேர் பாடும் இடத்தில் மூன்று குரல்தான் கேட்கும். கீபோர்டில் இது தெரியாது, கார்டு கொழுப்பாக இருப்பதுபோல் இனிக்கவும் செய்யும். மனிதர்கள் பாடும்போதுதான் திடீரென்று வெறுமை விழும்.

கையோடு எழுதிப் பாருங்கள். சி மேஜரில் 1, 4, 5, 1:

சொப்ரானோ: சி5 – சி5 – பி4 – சி5
ஆல்டோ: ஈ4 – எஃப்4 – டி4 – ஈ4
டெனர்: ஜி3 – ஏ3 – ஜி3 – ஜி3
பேஸ்: சி3 – எஃப்2 – ஜி2 – சி3

முதல் நகர்வில் சி இரண்டு கார்டுக்கும் பொது, ஆகவே சொப்ரானோ நகரவே இல்லை. ஆல்டோவும் டெனரும் ஒரு படி ஏற, பேஸ் இறங்குகிறது. இரண்டாம் நகர்வுதான் ஆபத்தானது. 4-க்கும் 5-க்கும் பொதுச் சுரம் கிடையாது, பேஸ் ஒரு படி ஏறுகிறது. அப்போது மேலே உள்ள மூவரும் இறங்கவேண்டும். மேலே பாருங்கள், மூவரும் இறங்குகிறார்கள். கடைசி நகர்வில் ஜி பொது, டெனர் நிற்கிறார். சொப்ரானோவின் பி, சி-க்கு ஏறுகிறது.

அந்த இரண்டாம் நகர்வையே கீபோர்டுக் கை எப்படிச் செய்யும்? கையை அப்படியே ஒரு படி வலப்பக்கம் தள்ளும். சி5 டி5 ஆகும், எஃப்4 ஜி4 ஆகும், ஏ3 பி3 ஆகும், எஃப்2 ஜி2 ஆகும். எண்ணிப் பாருங்கள்: சொப்ரானோ–பேஸ் பேரலல் ஃபிஃப்த், சொப்ரானோ–ஆல்டோ பேரலல் ஃபிஃப்த், ஆல்டோ–பேஸ் பேரலல் ஆக்டேவ். ஒரே தள்ளலில் மூன்று தவறு.

மெட்டே சி-யிலிருந்து டி-க்கு ஏறினால் என்ன செய்வது? மெட்டை மாற்றமுடியாது. பேஸில் எஃப், ஜி இருக்கும்வரை எப்படித் திருப்பினாலும் ஃபிஃப்த் போகாது, எனவே கார்டை மாற்றுங்கள். 4-க்குப் பதில் 6-ஆம் கார்டு: கீழிருந்து ஏ2, ஏ3, ஈ4, சி5; அடுத்து ஜி2, பி3, ஜி4, டி5. பேஸ் இறங்குகிறது, மூவரும் ஏறுகிறார்கள், குற்றமில்லை. இதிலும் ஆல்டோவை ஈ4-இலிருந்து பக்கத்தில் இருக்கிற டி4-க்கு இறக்கினால் பேஸோடு ஃபிஃப்த் வந்துவிடும். பக்கத்துச் சுரம் எப்போதும் நல்ல சுரம் அல்ல என்பதற்கு இது ஒரு உதாரணம்.

நகர்வுக்கான வரிசையை மனப்பாடம் செய்துவிடலாம். முதலில் பொதுச் சுரம் இருந்தால் அதை அதே குரலில் நிறுத்துங்கள். மற்றவர்களை ஆகக் குறைந்த தூரம் நகர்த்துங்கள். பொதுச் சுரம் இல்லையென்றால் பேஸுக்கு எதிர்த்திசையில் மூவரையும் அனுப்புங்கள்.

இந்தப் பகுதிக்கு மட்டும் நாலைந்து வாரம் ஒதுக்குங்கள். தினம் நாற்பது நிமிடம் போதும். நாலு கார்டு எழுத முதலில் அந்த நாற்பது நிமிடமும் பிடிக்கும், பதற வேண்டாம்.

6. மெட்டுக்குக் கார்டு: கடைசியிலிருந்து தொடங்குங்கள்

ஒவ்வொரு சுரத்துக்கும் இடம் கொடுக்கும் கார்டுகள் மூன்று. ச வந்தால் 1, 4, 6. ரி வந்தால் 5, 2, 7. க வந்தால் 1, 6, 3. ம வந்தால் 4, 2, 7. ஏழாம் சுரம் சேர்த்த 5-உம் (ப நி ரி ம) ஆகும். ப வந்தால் 1, 5, 3. த வந்தால் 4, 2, 6. நி வந்தால் 5, 3, 7. தொடக்கத்தில் 3-ஐயும் 7-ஐயும் தொடாமல் இருப்பது நல்லது.

முதல் சுரத்திலிருந்து கார்டு போட்டுக்கொண்டே வந்தால் முடிவில் சந்தில் மாட்டிக்கொள்வீர்கள். வரியின் கடைசி இரண்டு சுரங்களை முதலில் பாருங்கள். ரி–ச அல்லது நி–ச என்று முடிந்தால் 5, 1. வரி ரியிலோ நியிலோ தொங்கி நின்றால் 5-ஆம் கார்டில் நிறுத்துங்கள், அது பாதி முடிப்பு. ச–ச என்று நின்றால் 4, 1. "ஆமென்" பாடும்போது கேட்பது இதுதான். பாட்டு முடிந்துவிட்டதென்று ஜனங்கள் நினைக்கிற இடத்தில் இன்னொரு வரி பாக்கி இருந்தால் 5-க்குப் பின் 6 வையுங்கள். அப்போது 6-ஆம் கார்டின் அடிச்சுரத்திலிருந்து எண்ணி வருகிற க சுரத்தை இரட்டவேண்டும், அதாவது சி மேஜரில் சி-யை. ஜி2, ஜி3, டி4, பி4 என்பது ஏ2, ஈ3, சி4, சி5 ஆகும்.

முடிப்புகள் எல்லாம் ஆனபிறகு பேஸ் வரி முழுவதையும் எழுதுங்கள். சொப்ரானோவும் பேஸும் மட்டும் பாடினாலே பாட்டு நிற்கவேண்டும். நிற்காவிட்டால் ஆல்டோவையும் டெனரையும் வைத்து முட்டுக்கொடுக்க முடியாது. பேஸ் ஒரேயடியாக அடிச்சுரத்திலேயே குதித்துக்கொண்டிருந்தால் சில இடங்களில் கார்டின் க சுரத்தைப் பேஸுக்குக் கொடுங்கள். வரி வழுக்கிக்கொண்டு போகும். கார்டின் ப சுரத்தைப் பேஸில் வைப்பது மட்டும் ஆபத்து. முடிப்புக்கு முன்னால் 1-ஆம் கார்டை ப-வின் மேல் நிறுத்தி, பேஸ் அசையாமல் 5, பிறகு 1 என்று போகலாம். அங்கே இரட்டவேண்டியது பேஸில் இருக்கிற ப. வேறு இடங்களில் வேண்டாம்.

தாளத்தோடும் ஒத்துப்போகவேண்டும். பார் கோட்டை (தாளச் சுற்றுகளைப் பிரிக்கிற நெட்டுக்கோடு) தாண்டும்போது கார்டு மாறட்டும். முந்தின பாரின் கடைசி அடியில் இருந்த கார்டே அடுத்த பாரின் முதல் அடியிலும் வந்தால் தாளம் தூங்கிவிடும்.

7. நம் காதுக்கு இனிக்கிற தவறு

5-ஆம் கார்டில் ம சேர்த்து ப நி ரி ம என்று எழுதும்போது ம கட்டாயம் க-வுக்கு இறங்கவேண்டும், நி ச-வுக்கு ஏறவேண்டும். இரண்டையும் கடைப்பிடித்து ரியும் ச-வுக்கு இறங்கினால் அடுத்த 1-ஆம் கார்டில் மூன்று ச, ஒரு க என்று நின்று ப இல்லாமல் போகும். பயப்பட வேண்டாம், அது முறையானதே.

மைனரில்தான் நம்மவர்கள் சறுக்குகிறார்கள். ஏ மைனரில் 5-ஆம் கார்டுக்கு ஜி ஷார்ப் வேண்டும். அதனால் எஃப்–ஜி ஷார்ப் என்று மூன்று அரைச்சுரத் தாவல் ஒரே குரலில் வர வாய்ப்பு உண்டு. கீரவாணி கேட்டு வளர்ந்த காதுக்கு அந்தத் தாவல் தேனாக இருக்கும், ஏனென்றால் கீரவாணியின் த–நி அதுதான். நாலு பார்ட் எழுத்தில் அது தவறு. திருத்துவது சுலபம்: எஃப் பாடியவர் ஈ-க்கு இறங்கட்டும், ஏ பாடியவர் ஜி ஷார்ப்புக்கு இறங்கட்டும், டி பாடியவர் பி-க்கு இறங்கட்டும், பேஸ் மட்டும் டி-யிலிருந்து ஈ-க்கு ஏறட்டும். எஃப்–பி என்கிற தாவலும் அதே ஜாதி, அதுவும் வேண்டாம்.

8. தமிழ் வரி, தமிழ் ராகம்

பாட்டைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலை முடியும், அல்லது பாதி வேலை கெடும். சங்கராபரணத்தில் நேராக அமைந்த, கமகம் குறைந்த மெட்டு முதல் முயற்சிக்கு ஏற்றது. மாயாமாளவகௌளையில் உள்ள கீர்த்தனையைத் தொடாதீர்கள். அதில் ரி அரைச்சுரம் தாழ்ந்தது, ஆகவே ப நி ரி சேர்த்தால் உறுதியான 5-ஆம் கார்டு கிடைக்காது. ராகத்தைக் கெடுக்காமல் 5, 1 முடிப்பு வைக்கவே வழியில்லை. கமகம் நிறைந்த பாட்டிலோ சொப்ரானோ ஆடும்போது மற்ற மூவரும் எந்தச் சுரத்தோடு ஒட்டுவதென்று தெரியாமல் நிற்பார்கள். அந்த மாதிரிப் பாட்டுகளை ஒற்றைக் குரலில் விடுவதே மரியாதை.

அடுத்தது குறில், நெடில். பேஸ் வரி அழகாக இருக்கட்டுமென்று ஒரு அசைக்கு இரண்டு சுரம் கொடுப்போம். அந்த அசை குறிலாக இருந்தால் இழுபட்டு நெடிலாகிவிடும்: கல் கால் ஆகும், பல் பால் ஆகும், விடு வீடு ஆகும். மூன்று பேர் "விடு" என்று பாட, பேஸ் மட்டும் "வீடு" என்று பாடுவதைக் கேட்டால் சிரிப்பு வரும். கூடுதல் சுரங்களை நெடிலின் மேலோ, வரியின் கடைசி அசை நீளும் இடத்திலோ மட்டும் வையுங்கள். சுரத்துக்கு அடியில் எழுத்தை எழுதும்போது ஒற்றெழுத்தைத் தனியாகப் பிரிக்காதீர்கள்; "அன்–பு" என்று பிரியவேண்டும், "அ–ன்–பு" என்றல்ல.

9. சரிபார்ப்பு

நாலு குரலில் ஜோடிகள் ஆறு: சொப்ரானோ–ஆல்டோ, சொப்ரானோ–டெனர், சொப்ரானோ–பேஸ், ஆல்டோ–டெனர், ஆல்டோ–பேஸ், டெனர்–பேஸ். ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டு பாட்டின் தொடக்கத்திலிருந்து முடிவுவரை போங்கள். ஐந்தாம் இடைவெளிக்கு 5, ஆக்டேவுக்கு 8 என்று அடியில் எழுதுங்கள், மற்றவற்றை விட்டுவிடுங்கள். 5-க்குப் பக்கத்தில் 5, 8-க்குப் பக்கத்தில் 8 வந்தால் வட்டம் போடுங்கள். இரண்டு குரலும் நகராமல் அதே சுரத்தில் நின்றிருந்தால் அது தவறில்லை, வட்டத்தை அழித்துவிடலாம். எட்டு பார் கொண்ட பாட்டுக்கு ஆறு ஜோடியும் பார்க்க இருபது நிமிடம் ஆகும். எல்லாக் குரலையும் ஒரே பார்வையில் பார்த்துவிடலாம் என்று முயல்கிறவர்களுக்கு டெனர்–பேஸ் ஜோடி எப்போதும் தப்பிவிடும்.

ஒரு தவறைத் திருத்தினால் அதற்கு முந்தின, பிந்தின நகர்வுகளையும் மறுபடி பாருங்கள். அங்கே புதிதாக ஒன்று முளைத்திருக்கும்.

பிறகு கீபோர்டை மூடிவிட்டு ஆல்டோ வரியைத் தனியாகப் பாடுங்கள், அடுத்து டெனர், அடுத்து பேஸ். ஆரம்பச் சுரத்தை மட்டும் கொடுத்தால் கொயரில் சுமாராகப் பாடுகிற ஒருவரால் இரண்டாம் தடவையில் பிடிக்கமுடிகிறதா? முடியாத இடத்தை மாற்றுங்கள், விதிப்படி சரியாக இருந்தாலும் சரி. ஆல்டோ ஒன்பது சுரம் ஒரே இடத்தில் நின்றால் அவர்கள் சுருதி இறங்கிவிடும், அதையும் கவனியுங்கள்.

10. தேர்வு எழுதுவதானால்

இசைத் தேர்வு நடத்தும் அமைப்புகளான டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் இரண்டிலும் தியரித் தேர்வு 1 முதல் 8 கிரேடு வரை உண்டு. ஏபிஆர்எஸ்எம்மில் வாத்தியத் தேர்வில் 6-ஆம் கிரேடுக்குப் போகவேண்டுமென்றால் 5-ஆம் கிரேடு தியரியோ, அதற்கு ஈடாக அவர்கள் ஏற்கிற வேறு தேர்வோ முன்னதாகத் தேறியிருக்கவேண்டும். டிரினிட்டியில் அந்த நிபந்தனை இல்லை. கட்டணமும் விண்ணப்பத் தேதியும் மாறிக்கொண்டே இருப்பதால் அந்தந்த அமைப்பின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பெயர் விஷயத்தில் கவனம்: இனிஷியலை முன்னால் போடுவதா, அப்பா பெயரை விரித்துப் பின்னால் போடுவதா என்பதை ஆதாரில் இருப்பதைப் பார்த்து அப்படியே எழுதுங்கள். சான்றிதழ் வந்தபின் மாற்றுவது பெரும்பாடு.

11. கிறிஸ்மஸுக்குப் பாடவேண்டுமென்றால்

ஆகஸ்ட் பாதியில் தொடங்குங்கள். செப்டம்பர் முடிய மேலே சொன்ன பயிற்சிகள், அக்டோபரில் எழுத்து, அக்டோபர் கடைசி வாரத்தில் பிரதி கையில். இந்தத் தேதியைத் தள்ளாதீர்கள். நவம்பரில் மழை பிடித்துக்கொண்டால் கடலூர்ப் பக்கம் வாரக்கணக்கில் பயிற்சி நின்றுபோகும். டிசம்பரில் மிஞ்சுகிற நாலு பயிற்சியில் புதுப் பார்ட் ஏறாது.

பாட்டின் உரிமையையும் இப்போதே பாருங்கள். நம் நாட்டில் பாட்டெழுதியவர், இசையமைத்தவர் இறந்து 60 ஆண்டு ஆகும்வரை உரிமை இருக்கும். புதுப் பாட்டுக்கு நீங்கள் பார்ட் எழுதி யூடியூபில் ஏற்றினால் அனுமதி கேட்டிருக்கவேண்டும். மூலமெட்டு பழையதாக இருந்தாலும் தமிழ் மொழிபெயர்ப்பு புதிதாக இருக்கலாம், அதைத் தனியாகப் பார்க்கவேண்டும்.

ஒரு தாளின் இருபுறத்துக்குள் அடக்குங்கள். பாடும்போது பக்கம் திருப்பினால் சலசலப்புதான் முதலில் கேட்கும். நாலு குரலும் ஒரே தாளில் இருக்கட்டும். ஆல்டோவுக்கு ஆல்டோ வரி மட்டும் வெட்டிக்கொடுத்தால் அவர்களுக்கு யாரைப் பிடித்துக்கொண்டு ஏறுவதென்று தெரியாது. இருபது பேருக்கு இருபுறம், பக்கம் இரண்டு ரூபாய் என்றால் எண்பது ரூபாய். ஐந்து பிரதி கூடுதலாக எடுத்து கோயில் அலமாரியில் வையுங்கள், முதல் வாரமே யாராவது மழையில் நனைத்துக்கொண்டு வருவார்கள். திருத்தம் வந்தால் எல்லாப் பிரதியிலும் ஒரே நாளில் திருத்தி, மேல் ஓரத்தில் தேதி போடுங்கள். பழைய பிரதியைத் திரும்ப வாங்கிவிடுங்கள். வாங்காவிட்டால் டெனரில் ஒருவர் மட்டும் கடைசிவரை பழைய ஏ3-யையே பாடிக்கொண்டிருப்பார்.